பழுது எங்கே இருக்கிறது?

நுழையும்முன்

கருவி ஒன்று இயங்காதபோது அதைத் தட்டிப் பார்ப்பதும், கழற்றி மாட்டுவதும், இறுதியில் புதியதொன்றை வாங்குவதும் பலரின் வழக்கம். இவற்றால் பழுது சில வேளைகளில் நீங்கவும் கூடும். ஆனால், அது ஏன் வந்தது, ஏன் நீங்கியது என்பது விளங்குவதில்லை. காரணம் விளங்காத பழுது மீண்டும் வரும். லினக்ஸ் இயக்க அமைப்பு கொண்ட கணினியோடு இணைந்த யு.எஸ்.பி. ஹப் ஒன்று தொல்லை தரும்போது, அதன் காரணத்தைச் சான்றுகளின் வழியே கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு துளை, பல கருவிகள்

முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கணினியின் பின்புறத்தில் பலவகைத் துளைகள் இருந்தன. விசைப்பலகைக்கு வட்டமான துளை, அச்சுப்பொறிக்கு 25 முனைகள் கொண்ட அகன்ற துளை, மோடத்திற்கு 9 முனைகள் கொண்ட துளை என ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வடிவம் இருந்தது. ஒன்றில் செருக வேண்டியதை மற்றொன்றில் செருக இயலாது. புதிய கருவியை இணைத்தால் கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டிய நிலையும் இருந்தது.

இச்சிக்கலைத் தீர்க்கக் காம்பாக், டிஜிட்டல், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் 1994இல் ஒன்றுகூடின. அவற்றின் முயற்சியால் யு.எஸ்.பி. எனும் பொது இணைப்பு முறையின் முதல் வரையறை 1996 சனவரியில் வெளிவந்தது. வடோதராவிலுள்ள மகாராசா சாயாசிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று, இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் அஜய் பட் இதன் உருவாக்கத்தில் முதன்மையான பங்காற்றியவர்.

கணினியிலுள்ள ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் சிறு பெட்டியே ஹப் ஆகும். ஒரு ஹப்பின் கிளையில் மற்றொரு ஹப்பையும் இணைக்கலாம். கணினியின் உள்ளேயே இருக்கும் வேர் ஹப்பில் தொடங்கி, கிளை கிளையாகப் பிரிந்து செல்லும் மரத்தைப் போன்றது இவ்வமைப்பு. கருவிகளுக்கு வழங்கப்படும் எண்கள் 1 முதல் 127 வரை மட்டுமே. ஹப்பும் ஒரு கருவியே ஆதலால் அதுவும் ஓர் எண்ணைப் பெறும். வேருக்கும் கருவிக்கும் இடையே ஐந்து ஹப்புகளுக்கு மேல் இடம்பெறக் கூடாது என்பதும் விதி.

தெரிந்து தெளிவோம்

யு.எஸ்.பி. வேகத்தின் வளர்ச்சி (ஒரு வினாடிக்கு):
1996 – முதல் வரையறை – 1.5 மெகாபிட், 12 மெகாபிட்
2000 – யு.எஸ்.பி. 2.0 – 480 மெகாபிட்
2008 – யு.எஸ்.பி. 3.0 – 5 கிகாபிட்
யு.எஸ்.பி. 3.0 ஹப் பார்வைக்கு ஒரே பெட்டி. அதனுள் பழைய வேகத்திற்கு ஒன்றும் புதிய வேகத்திற்கு ஒன்றுமாக இரண்டு ஹப்புகள் உள்ளன. ஆதலால் லினக்ஸின் பட்டியலில் அது இரண்டாகத் தோன்றும், அது பழுதன்று.

தோற்றம் வேறு, காரணம் வேறு

பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் பின்வரும் சிக்கல் எழுவதாகக் கொள்ளலாம். லினக்ஸ் கணினி ஒன்றுடன், நான்கு துளைகள் கொண்ட யு.எஸ்.பி. 2.0 ஹப் இணைக்கப்பட்டுள்ளது. அதில் விசைப்பலகை, சுட்டி, கையடக்க வன்தட்டு ஆகிய மூன்றும் செருகப்பட்டுள்ளன. ஓராண்டு முழுவதும் மாணவர்கள் உருவாக்கிய செயல்திட்டக் கோப்புகளை வன்தட்டிற்கு நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் பணி பாதியை எட்டும்போது சுட்டி அசைய மறுக்கிறது. வன்தட்டு திரையிலிருந்து மறைகிறது. சில நொடிகளில் எல்லாம் மீண்டும் தோன்றுகின்றன. நகலெடுத்த கோப்போ பாதியில் அறுந்து கிடக்கிறது.

இந்நிலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்துத் தோன்றும். வன்தட்டு கெட்டுவிட்டது என்பார் ஒருவர். ஹப் மலிவானது என்பார் மற்றொருவர். லினக்ஸுக்கு இக்கருவி பொருந்தாது என்பார் வேறொருவர். மூன்றும் உண்மையாக இருக்கக் கூடியவையே. ஆயினும் அவை ஊகங்கள். கண்ணுக்குத் தெரிவது கோப்பு அறுந்தது என்னும் தோற்றம் மட்டுமே. தோற்றத்தையே காரணமாகக் கொண்டு வன்தட்டைத் தூக்கி எறிந்தால், நல்ல கருவி ஒன்று மின்னணுக் கழிவாகும்; புதிய வன்தட்டும் அதே ஹப்பில் அதே போல் மறையும். எனவே, முதலில் செய்ய வேண்டியது சான்று தேடுதல்.

கணினி எழுதும் நாட்குறிப்பு

லினக்ஸின் உட்கரு, பின்லாந்து நாட்டில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய பணியாகும். கருவி ஒன்று வந்தது, சென்றது, மறுமொழி தர மறுத்தது என நிகழ்பவற்றை எல்லாம் அவ்வுட்கரு காலக் குறிப்புடன் பதிவு செய்துகொண்டே இருக்கும். முனையத்தில் டி, எம், ஈ, எஸ், ஜி என்னும் ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்தால் அப்பதிவேடு திரையில் விரியும். இக்கட்டளையை ‘டிமெசேஜ்’ என்பர். சில லினக்ஸ் பதிப்புகளில் இதைக் காண நிருவாகியின் உரிமை வேண்டும். கட்டளையை அடுத்து இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ‘டபிள்யு’ எழுத்தும் சேர்த்தால், நிகழ்வுகள் நடக்க நடக்கப் புதிய வரிகள் திரையில் வந்துகொண்டிருக்கும். பழுது தோன்றும் நொடியைக் காத்திருந்து காண இது உதவும்.

மற்றொரு கட்டளை எல், எஸ், யு, எஸ், பி ஆகிய ஐந்து எழுத்துகளால் ஆனது. அது இணைந்துள்ள யு.எஸ்.பி. கருவிகளைப் பட்டியலிடும். அதனுடன் இடைவெளியும் சிறு கோடும் ‘டி’ எழுத்தும் சேர்த்தால், எந்த ஹப்பின் கீழ் எந்தக் கருவி, எந்த வேகத்தில் இயங்குகிறது என்பதை மர வடிவில் காட்டும்.

பதிவேட்டில் கருவிகளின் முகவரி ‘1-2.3’ என்பது போல அமையும். முதலாம் தடத்தில், வேர் ஹப்பின் இரண்டாம் துளையில் உள்ள ஹப்பின் மூன்றாம் துளை என்பது இதன் பொருள். முகவரியைப் படிக்கத் தெரிந்தவருக்கு, பழுது மரத்தின் எந்தக் கிளையில் தொடங்கியது என்பது தெரிந்துவிடும். ஆய்வகக் கணினியின் பதிவேட்டில் ‘டிஸ்கனெக்ட்’, அதாவது ‘இணைப்பு அறுந்தது’ என்னும் செய்தி முதலில் ‘1-2’ என்ற முகவரிக்கு வந்துள்ளது. அதன் பின்னரே ‘1-2.1’, ‘1-2.2’, ‘1-2.3’ ஆகியவற்றுக்கு வந்துள்ளது. முதலில் மறைந்தது வன்தட்டு அன்று. அதைத் தாங்கிய ஹப்பே. கிளை முறிந்ததால் அதிலிருந்த இலைகள் யாவும் உடன் விழுந்தன. சுட்டியும் விசைப்பலகையும் ஏன் அதே நொடியில் நின்றன என்பது இப்போது விளங்கும்.

கருவியின் எண்ணும் ஒரு சான்றாகும். அறுந்து மீண்டும் இணையும் ஒவ்வொரு முறையும் உட்கரு புதிய எண்ணை வழங்கும். காலையில் 4 என்றிருந்த ஹப் மாலையில் 31 என்று காட்டினால், இடையில் அது பலமுறை விழுந்து எழுந்துள்ளது என்று அறியலாம்.

அறிமுகம் செய்துகொள்ளும் முறை

யு.எஸ்.பி. கருவி செருகப்பட்டதும் தானாகவே பேசத் தொடங்குவதில்லை. துளையில் ஏதோ செருகப்பட்டதை ஹப் உணர்ந்து கணினிக்குத் தெரிவிக்கும். கணினி அத்துளையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரச் சொல்லும். பின்னர்க் கருவியிடம் அதன் விவரத்தைக் கேட்டு, அதற்கோர் எண்ணையும் வழங்கும். கருவி தன் வகை, தயாரிப்பாளர், தனக்கு வேண்டிய மின்னோட்டம் ஆகியவற்றைக் கூறும். அவற்றுக்குப் பொருத்தமான இயக்கியை உட்கரு தேடி இணைத்த பின்னரே கருவி பயன்பாட்டுக்கு வரும்.

இவ்வறிமுகம் எந்தப் படியில் தடைப்பட்டது என்பதைப் பிழை எண்கள் உணர்த்தும். கழித்தல் 110 என்றால், கேட்ட கேள்விக்கு உரிய காலத்துக்குள் விடை வரவில்லை என்பது பொருள். கழித்தல் 71 என்றால், உரையாடலின் விதி மீறப்பட்டது என்பது பொருள். வந்த விடை சிதைந்திருக்கலாம், தளர்ந்த முனையோ பழுதுற்ற வடமோ மின்குறைவோ அதற்குப் பின்னணியாக இருக்கலாம். கழித்தல் 32 என்றால், அவ்வேண்டுகோளைக் கருவி ஏற்க மறுத்தது என்பது பொருள். ‘ஓவர் கரன்ட்’ எனும் செய்தி, துளை ஒன்றில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்ததை ஹப் உணர்ந்தது எனத் தெரிவிக்கிறது. அச்செய்தி வந்தால் அத்துளையில் உள்ளதை உடனே கழற்றிவிட வேண்டும். பிழை எண் காரணத்தை நேராகக் கூறுவதில்லை. தேட வேண்டிய திசையையே சுட்டுகிறது.

மின்னோட்டக் கணக்கு

யு.எஸ்.பி. வடம் தரவை மட்டும் கொண்டுசெல்வதில்லை. 5 வோல்ட் மின்சாரத்தையும் கொண்டுசெல்கிறது. யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று ஒரு கருவிக்கு அளிக்கும் உச்ச அளவு 500 மில்லி ஆம்பியர். யு.எஸ்.பி. 3.0 துளையில் இது 900 மில்லி ஆம்பியர்.

ஹப் இருவகைப்படும். தனி அடாப்டர் வழியே மின்சாரம் பெறுவது ஒருவகை. கணினியிடமிருந்தே மின்சாரம் பெறுவது மற்றொரு வகை. இரண்டாம் வகை, தான் பெறும் 500 மில்லி ஆம்பியரில் 100ஐத் தனக்கு வைத்துக்கொண்டு, எஞ்சியதை நான்கு துளைகளுக்கும் தலைக்கு 100 எனப் பகிர வேண்டும் என்பதே வரையறை. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் அது போதும். தட்டைச் சுழற்றி எழுதும் வன்தட்டுக்கு அது போதாது.

எல்.எஸ்.யு.எஸ்.பி. கட்டளையுடன் சிறு கோடும் ‘வி’ எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கருவியும் கோரும் உச்ச மின்னோட்டம் ‘மேக்ஸ் பவர்’ எனும் வரியில் தெரியும். அது கருவி கோரும் அளவேயன்றி, அளந்தறிந்த அளவு அன்று. கோரிக்கை துளையின் வரம்பை மீறினால், மின்சாரம் போதாமையால் கருவியின் அமைவு ஏற்கப்படவில்லை என உட்கரு பதிவேட்டில் எழுதிவிடும்.

ஆய்வகக் கணினியின் பதிவேட்டிலோ அப்படி ஒரு வரியும் இல்லை. எனவே மின்குறைவு காரணமன்று என முடிவு செய்யலாமா? இங்குதான் நுட்பம் இருக்கிறது. தனக்குத் தனி மின்சாரம் உள்ளதா என்பதை ஹப்பே கணினிக்குக் கூறுகிறது. சில ஹப்புகள், அடாப்டர் செருகப்படாதபோதும் தனி மின்சாரம் இருப்பதாகவே கூறிவிடுகின்றன. உட்கரு அதை நம்பி வன்தட்டுக்கு இசைவு தருகிறது. வன்தட்டு கடுமையாக உழைக்கும் நொடியில் மின்னழுத்தம் தாழ்ந்து, ஹப்பே தன்னிலை இழக்கிறது. சாட்சி பொய் சொல்லவில்லை. சாட்சிக்குக் கிடைத்த செய்தி தவறானது. ஆகவே பதிவேட்டைப் படிப்பதோடு நில்லாமல், சோதித்தும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றுக

பழுது காண்போர் செய்யும் பொதுவான தவறு, பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றுவது. வடத்தையும் துளையையும் ஹப்பையும் ஒருங்கே மாற்றியபின் சிக்கல் நீங்கினால், மூன்றில் எது குற்றவாளி என்பது தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துவைத்து, அடுத்ததற்குச் செல்வதே முறை.

அதன்படி ஆய்வகச் சோதனை அமையும் விதம் வருமாறு. முதலில் வன்தட்டை ஹப்பிலிருந்து எடுத்து, அதே வடத்துடன் கணினியில் நேராகச் செருகி, அதே கோப்புகளை நகலெடுத்தல். பணி முழுமை பெற்றால், வன்தட்டும் அதன் வடமும் ஐயத்திலிருந்து விலகும். இரண்டாவதாக, ஹப்பில் விசைப்பலகையையும் சுட்டியையும் மட்டும் வைத்து நெடுநேரம் பயன்படுத்துதல். இடையறவு இல்லையெனில், ஹப் அடிப்படையில் இயங்குகிறது எனலாம். மூன்றாவதாக, வன்தட்டை மீண்டும் ஹப்பில் இணைத்து, ஹப்பைக் கணினியின் வேறொரு துளையில் செருகுதல். மீண்டும் அறுந்தால், கணினியின் அந்தத் துளை குற்றமற்றது. நான்காவதாக, வேறெதையும் மாற்றாமல் ஹப்புக்கு உரிய அடாப்டரை மட்டும் செருகுதல். இப்போது நகலெடுக்கும் பணி முழுமை பெறுகிறது.

இத்துடன் நிறுத்திவிடக் கூடாது. அடாப்டரைக் கழற்றி மீண்டும் ஒருமுறை நகலெடுக்க வேண்டும். பழுது திரும்ப வந்தால்தான் முடிவு உறுதியாகும். வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டும்போது நீக்கவும் இயலும் பழுதே, காரணம் அறியப்பட்ட பழுது ஆகும்.

பிற காரணங்கள்

எல்லா ஹப்புகளின் தொல்லைக்கும் மின்குறைவே காரணம் எனக் கொள்ளுதல் தவறு. யு.எஸ்.பி. 3.0 வன்தட்டு, புதிய வேக ஹப்பில் இருந்தும் மரப்பட்டியலில் 5000 என்பதற்கு மாறாக 480 எனக் காட்டினால், வடத்தையும் செருகும் முனையையும் ஆராய வேண்டும். யு.எஸ்.பி. 3.0 முனையில் பழைய நான்கு தொடுமுனைகளோடு புதியவை ஐந்து உள்ளன. அப்புதியவை சரியாகப் பொருந்தாதபோது கருவி பழைய வேகத்திலேயே இயங்கும்.

சிறிது நேரம் பயன்படுத்தாமல் விட்டபின் மட்டும் கருவி மறுமொழி தர மறுத்தால், மின்சாரத்தைச் சேமிக்கும் உறக்க ஏற்பாட்டை ஐயுறலாம். லினக்ஸில் ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவிக்கும் ‘பவர்’ எனும் கோப்புறையும், அதனுள் ‘கண்ட்ரோல்’ எனும் சிறு கோப்பும் உள்ளன. அதில் ‘ஆட்டோ’ என்றிருந்தால் கருவி உறங்கலாம். ‘ஆன்’ என எழுதினால் விழித்தே இருக்கும். அவ்வாறு எழுதியபின் தொல்லை நின்றால் காரணம் புலப்பட்டுவிடும். கருவியைக் கழற்றி மாட்டினாலும் கணினியை மீண்டும் தொடங்கினாலும் இம்மாற்றம் நீங்கிவிடும் ஆதலால், சோதிக்க இது ஏற்ற வழியாகும்.

கம்பியில்லாச் சுட்டி மட்டும் தடுமாறினால் காரணம் காற்றிலும் இருக்கலாம். யு.எஸ்.பி. 3.0 இணைப்பில் தரவு பாயும்போது எழும் மின்னிரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாதிக்கும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் விளக்கியது. பல கம்பியில்லாச் சுட்டிகள் இயங்குவது அவ்வலைவரிசையில்தான். சுட்டியின் அலைவாங்கியைச் சிறு நீட்டிப்பு வடத்தின் துணையால் ஹப்பிலிருந்து தள்ளிவைத்தால் தடுமாற்றம் குறையும்.

இவை யாவும் பொருந்தாதபோதே உட்கருவை ஐயுற வேண்டும். உபுண்டு போன்ற பதிப்புகள், கணினி தொடங்கும்போது முந்தைய உட்கருவைத் தேர்ந்தெடுக்க இடம் தருகின்றன. பழைய உட்கருவில் இயங்கும் கருவி புதியதில் இயங்கவில்லையெனில், அது உட்கருவை எழுதுவோர் அறிய வேண்டிய செய்தி. விதிகளைச் சரியாகப் பின்பற்றாத கருவிகளுக்கென லினக்ஸ் உட்கரு ஒரு விதிவிலக்குப் பட்டியலையே வைத்துள்ளது. உட்கருவின் மூலநிரல் அனைவரும் காணத் திறந்திருப்பதால் அப்பட்டியலை எவரும் படிக்கலாம்.

தரவைக் காத்தல்

பழுதைத் தேடும் ஆர்வத்தில் தரவை இழந்துவிடக் கூடாது. லினக்ஸ், எழுத வேண்டியவற்றை முதலில் நினைவகத்தில் தேக்கி, பின்னரே வன்தட்டில் பதிக்கும். நகலெடுத்தல் முடிந்ததாகத் திரை காட்டும் நேரத்திலும் ஒரு பகுதி நினைவகத்திலேயே காத்திருக்கக் கூடும். அந்நேரத்தில் இணைப்பு அறுந்தால் கோப்பு மட்டுமன்றி, வன்தட்டின் கோப்பு அமைப்பே சிதையலாம். ஆகவே, ‘பாதுகாப்பாக நீக்கு’ என்னும் கட்டளையை இட்டு, அது நிறைவேறிய பின்னரே வன்தட்டைக் கழற்ற வேண்டும். சோதனைக்கு முதன்மைக் கோப்புகளைப் பயன்படுத்தாமல், இழந்தாலும் கவலையில்லாத வேறு கோப்புகளைப் பயன்படுத்த வேண்டும். நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மூலத்தை அழிக்க வேண்டும்.

முடிவாக

ஆய்வகத்தில் முதலில் குற்றம் சாட்டப்பட்டவை வன்தட்டும் ஹப்பும் லினக்ஸும். இறுதியில் கண்டறியப்பட்டதோ, மாட்டப்படாத ஓர் அடாப்டர். மூன்று கருத்துகளில் ஒன்றை உரத்த குரலால் நிலைநாட்டியிருந்தால், நல்ல வன்தட்டு ஒன்று குப்பைக்குச் சென்றிருக்கும். மாணவர்களின் ஓராண்டு உழைப்பும் அடுத்த வன்தட்டில் பாதியில் அறுந்திருக்கும். பதிவேட்டைப் படித்தல், மின்னோட்டத்தைக் கணக்கிடுதல், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல், பழுதை மீண்டும் வரவழைத்து உறுதி செய்தல் ஆகிய நான்கும் விலையுயர்ந்த கருவி எதையும் வேண்டுவதில்லை. அவை வேண்டுவது பொறுமையும், தன் ஊகம் தவறாகலாம் என்பதை ஏற்கும் மனமுமே.

கற்பவை கற்றபின்…

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள யு.எஸ்.பி. கருவிகளை மர வடிவில் வரைந்து, ஒவ்வொன்றின் வேகத்தையும் குறிப்பிடுக.
2. கணினியிடமிருந்தே மின்சாரம் பெறும் ஹப்பில் எக்கருவிகளை இணைக்கலாம், எவற்றை இணைக்கக் கூடாது என்பதைக் காரணத்துடன் எழுதுக.
3. வீட்டில் இயங்காமல் போன கருவி ஒன்றின் பழுதை, ‘ஒன்றை மட்டும் மாற்றுக’ என்னும் முறையில் ஆராய்வதற்கான படிநிலைகளை வகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.